வாடகை வீடு, ரெண்டு பேரும் வேலைக்கு போறோம், வீட்டை கொஞ்சம் உருப்படியா நடத்த சின்ன சின்ன ஐடியா சொல்லுங்க

கடலைமிட்டாய் (வேளச்சேரி):

எல்லாருக்கும் வணக்கம். வேளச்சேரில டபுள் பெட்ரூம் வாடகை வீடு, நானும் வீட்டுக்காரரும் வேலைக்கு போறோம், பையன் ரெண்டாவது படிக்கிறான், மாமியார் எங்க கூட இருக்காங்க, அவங்களுக்கு பிபி இருக்கு. சம்பளம் வருது, போகுது, எங்க போகுதுன்னு தெரியல. பெருசா எதுவும் வாங்கறதே இல்ல ஆனா இருபதாம் தேதிக்கு மேல கையை கடிக்குது. வாங்கற காய்ல பாதி ஃப்ரிட்ஜுலயே அழுகிடுது, அழுகிட்டதேன்னு அன்னைக்கு ராத்திரி ஆப்ல ஆர்டர் போடறோம், அப்படியே வாரத்துல ரெண்டு மூணு நாள் வெளி சாப்பாடு ஆயிடுது. ஈபி பில் போன தடவை 2200 கிட்ட வந்துச்சு, ஈபி கார்டு எங்க வீட்டுக்கு தனியா இருக்கு, பில்லை நேரா நாங்களே கட்டறோம். வீடு எப்ப பாத்தாலும் கலைஞ்சு கிடக்கு, ராத்திரி லைட்டை போட்டா சிங்க்ல கரப்பான் ஓடுது. போன மழைக்கு எதிர் வீட்டு பாப்பாவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரில வச்சிருந்தாங்க, அதுலேர்ந்து எனக்கு ஒரே பயம்.

யூடியூப்ல பாத்தா ஒரே மாதிரி கண்ணாடி பாட்டிலா அடுக்கி வச்சு காட்டறாங்க, அதுக்கு காசும் இல்ல நேரமும் இல்ல. தினமும் செய்யற வேலையையே கொஞ்சம் மாத்தி செய்யற மாதிரி இருந்தா சொல்லுங்க. எதுல ஆரம்பிக்கறது?

மேற்குமாம்பலம்_கீதா:

கடலைமிட்டாய் மா, நீ கேட்ட எல்லாத்துக்கும் வேர் ஒண்ணு தான், வீட்டுக்குள்ள வர்ற சாமான். என்ன வருதுன்னு கவனிச்சா காசு, குப்பை, கரப்பான், பிபி எல்லாமே கொஞ்சம் கொஞ்சமா வழிக்கு வரும். அதனால டப்பா கூடை எதுவும் இப்ப வாங்காத, முதல்ல வீட்ல இருக்கறதை சமைச்சு காலி பண்ணு. எல்லார் வீட்லயும் அடி ஷெல்ஃப்ல பிரிச்ச ரவை பாக்கெட், கால் கிலோ பச்சைப்பயறு, எப்பவோ வாங்கின கொள்ளு, அவல்னு கிடக்கும், அதுலயே பத்து நாள் டிபன் ஓட்டலாம். நம்ம ஊர் ஈரக்காத்துக்கு பருப்பை மூணு மாசத்துக்கு வாங்கி வச்சா வண்டு தான் சாப்பிடும். மாசத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி ஒரு நாள் வெயில்ல காய வச்சு ஆறினப்புறம் நாலு காஞ்ச மிளகா போட்டு மூடி வை.

காய்க்கு வர்றேன். ஞாயித்துக்கிழமை ஒரே மூச்சா பை நிறைய வாங்கறது தான் அழுகறதுக்கு காரணம். வாரத்துக்கு ரெண்டு தடவை கொஞ்சமா வாங்கு. சீக்கிரம் கெடற கீரை, வெண்டைக்கா, கத்திரிக்காயை வாங்கின முதல் ரெண்டு நாள்ல முடிச்சிடு, பூசணி, சௌசௌ, கேரட், முட்டைகோஸ் வெயிட் பண்ணும், அதை கடைசிக்கு வை. கீரையை கழுவி ஈரத்தோட உள்ள வைக்காத, வேரை வெட்டிட்டு காஞ்ச காட்டன் துணில சுத்தி வை, கொத்தமல்லி கறிவேப்பிலையும் அப்படியே தான். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே கூடைல வேண்டாம், பிரிச்சு வை. பீர்க்கங்கா சுரைக்கா புடலங்கா எல்லாம் நம்ம சுத்துவட்டாரத்துலயே விளையறது, வருஷத்துல பாதி நாள் விலையும் கம்மியா கிடைக்கும், அதை விட்டுட்டு ஃப்ரோசன் பாக்கெட் வாங்கறதுல எனக்கு சம்மதமே இல்ல.

ராத்திரி ஆர்டர் போடறதுக்கு காரணம் சோம்பேறித்தனம் இல்ல மா, ஆபீஸ்லேர்ந்து ஏழரைக்கு வந்து நிக்கறவளுக்கு யோசிக்க தெம்பு இருக்காது அவ்வளவு தான். அதுக்கு மருந்து மாவு. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, சனிக்கிழமை சாயந்திரம் அரைச்சு வச்சா புதன் வரைக்கும் கவலை இல்ல. கிரைண்டர் போட்டா கரண்ட் ஏறுமேன்னு சிலர் கடை மாவு வாங்கறாங்க, வீட்டு கிரைண்டர் 150 வாட்ஸ் தான் மா, முக்கால் மணி நேரம் ஓடினா கால் யூனிட் கூட வராது. வெயில் காலத்துல மட்டும் நாலஞ்சு மணி நேரத்துலயே பொங்கிடும், முழிச்சிருக்கும்போதே எடுத்து உள்ள வச்சிடணும்.

அடுத்து உப்பு, உங்க மாமியாருக்காக சொல்றேன், நல்லா கேட்டுக்கோ. உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூன். நாலு பேர்னு வச்சு கணக்கு போட்டா மாசத்துக்கு 600 கிராம், உன் பையனுக்கு இன்னும் கம்மி. உங்க வீட்ல ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாள்ல தீருதுன்னு தேதி எழுதி ஒட்டி வச்சு பாரு. ஊறுகா, அப்பளம், கருவாடு, சிப்ஸ்ல போற உப்பு இந்த கணக்குலயே வராது, அது மேல. எண்ணெயும் அப்படி தான், ஆளுக்கு மாசம் அரை லிட்டர்னு சொல்வாங்க, கேன்லேர்ந்து நேரா ஊத்தாம சின்ன கிண்ணத்துல ஊத்தி ஸ்பூனால எடுத்தாலே தானா குறையும்.

அம்பத்தூர்_ஒயர்மேன்:

சிஸ்டர் நான் கரண்ட் வேலை பாக்கறவன், பில்லை பத்தி மட்டும் சொல்றேன். 2200னு சொன்னீங்க இல்ல, 2024 ஜூலைல வந்த ரேட் படி பாத்தா நீங்க 520 யூனிட் பக்கம் ஓட்டி இருக்கீங்க. அங்க தான் விஷயமே இருக்கு. ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், எல்லாருக்கும் தெரியும். மொத்தம் 500க்குள்ள இருந்தா 101லேர்ந்து 200 வரைக்கும் யூனிட் 2.35 தான், 500ஐ தாண்டிட்டா அதே யூனிட்டுக்கு 4.70 போட்டுடுவாங்க, தாண்டின யூனிட்டுக்கு 8.40. கணக்கு போட்டு பாருங்க, 500 யூனிட்டுக்கு 1805 ரூபா, 520க்கு 2208. வெறும் இருபது யூனிட்டுக்கு 400 ரூபா எக்ஸ்ட்ரா. அதனால பாதியா குறைக்கணும்னு எல்லாம் மலைக்காதீங்க, 500க்கு கீழ வந்தா போதும் முதல்ல.

ரீடிங் எடுத்துட்டு போன அன்னைக்கு நம்பரை போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, அப்புறம் சரியா ஒரு மாசம் ஆனதும் ஒரு தடவை மீட்டரை பாருங்க. முதல் மாச முடிவுல 250 தாண்டி இருந்தா அடுத்த மாசம் கையை இழுத்து பிடிக்கலாம், பில் வந்தப்புறம் பாத்து ஒண்ணும் பண்ண முடியாது.

எங்க இழுத்து பிடிக்கறதுன்னா, செட்டாப் பாக்ஸ் தான் முதல்ல. ரிமோட்ல ஆஃப் பண்ணா அது தூங்காது, உள்ள ஓடிட்டே தான் இருக்கும், 15 வாட்ஸ்னு வச்சா கூட ரெண்டு மாசத்துக்கு 20 யூனிட்டுக்கு மேல வருது, உங்களுக்கு தாண்டின அதே 20. சுவிட்ச் போர்டுல ஆஃப் பண்ணுங்க. அடுத்தது ஃபேன். பழைய ஃபேன் 75 வாட்ஸ், பிஎல்டிசின்னு கரண்ட் கம்மியா இழுக்கற மோட்டார் வச்ச ஃபேன் 30 வாட்ஸ் பக்கம், ஒரு நாளைக்கு 15 மணி நேரம் சுத்தற ஃபேன்னா ரெண்டு மாசத்துல ஒரு ஃபேனுக்கே 40 யூனிட் மிச்சம், எல்லா ரூமுக்கும் ஒரே நேரத்துல மாத்த வேண்டாம், அதிகமா சுத்தற ஒண்ணை மட்டும் மாத்துங்க. ஏசி 2020 ஜனவரிலேர்ந்து வர்றது எல்லாமே 24ல தான் ஆன் ஆகும், 26ல வச்சு ஃபேனை சின்னதா போட்டா நல்லாவே இருக்கும், ஒரு டிகிரிக்கு 6 சதவீதம் பக்கம் குறையும்னு சொல்றாங்க. ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை குழாய்ல கழுவி நிழல்ல காய வச்சு மாட்டுங்க, அதுக்கு சர்வீஸ் ஆள் தேவையே இல்ல. கெய்சர் நம்ம ஊர்ல மார்கழி தை தவிர எதுக்குன்னு எனக்கு புரியல, உடம்பு முடியாதவங்களுக்கு சரி.

மாடித்தோட்டம்_மடிப்பாக்கம்:

டெங்கு பத்தி யாரும் சொல்லலையே, நான் சொல்றேன். டெங்கு கொசு சாக்கடைல வளராது, நல்ல தண்ணில தான் முட்டை போடும், முட்டைலேர்ந்து கொசுவா பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். கடிக்கறதும் பெரும்பாலும் பகல்ல. அதனால வாரத்துல ஒரு நாள், எந்த நாளா இருந்தாலும் சரி, வீட்ல தண்ணி தேங்கற இடம் எல்லாத்தையும் கொட்டி காய விடணும். கொட்டினா மட்டும் போதாது, முட்டை பாத்திரத்தோட ஓரத்துல ஒட்டிட்டு இருக்கும், காஞ்சு போனாலும் மாசக்கணக்கா சாகாது, மறுபடி தண்ணி பட்டதும் பொரிக்கும், நார் போட்டு தேய்ச்சு கழுவணும். ஃப்ரிட்ஜ் பின்னாடி கீழ ஒரு ட்ரே இருக்கும், முக்காவாசி பேருக்கு அது இருக்கறதே தெரியாது, முதல்ல அதை பாருங்க. அப்புறம் ஏசி தண்ணி பிடிக்கற பக்கெட், மணி பிளாண்ட் பாட்டில், பூந்தொட்டி தட்டு, பாத்ரூம்ல யூஸ் பண்ணாத பக்கெட், மாடில கிடக்கற டயர், தேங்கா ஓடு. சம்ப் மூடி சரியா உக்காரலைன்னா ஹவுஸ் ஓனர் கிட்ட ஐப்பசி பிறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, மழை ஆரம்பிச்சப்புறம் ஆள் கிடைக்காது.

குப்பை பத்தியும் சொல்லணும். நம்ம தென் சென்னை குப்பை எல்லாம் பல வருஷமா போய் சேர்ந்த இடம் பெருங்குடி, அது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டியே இருக்கு, உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலங்களோட ராம்சார் பட்டியல்ல 2022ல வந்த நிலம் அது. பூநாரை வர்ற தண்ணி பக்கத்துல நம்ம வீட்டு சாம்பார் மிச்சத்தை பிளாஸ்டிக் கவர்ல கட்டி கொட்டறது எனக்கு தாங்கவே இல்ல. மக்கற குப்பை தனி, மக்காதது தனி, டயாப்பர் நாப்கின் பேப்பர்ல சுத்தி தனி, இவ்வளவு தான் நாம செய்ய வேண்டியது. பால்கனி இருந்தா பழைய பக்கெட்ல சுத்தி ஓட்டை போட்டு காய்கறி தோல் ஒரு கை, காஞ்ச இலையோ தேங்கா நார் தூளோ ஒரு கைன்னு மாத்தி மாத்தி போட்டு வாங்க, புளிச்ச மோர் கொஞ்சம் தெளிங்க. நாத்தம் வந்தா ஈரம் அதிகம்னு அர்த்தம், காஞ்சதை இன்னும் போட்டு கிளறுங்க. சமைச்ச சாப்பாடு, எண்ணெய், மீன் கழிவு போடாதீங்க. ரெண்டு மாசத்துல கருப்பா உதிரியா எரு வரும்.

ஒரு எச்சரிக்கை. கரப்பானை விரட்டறேன், கறை போக்கறேன்னு பிளீச்சிங் பவுடரையும் டாய்லெட் கிளீன் பண்ற ஆசிடையும் ஒண்ணா ஊத்திடாதீங்க, குளோரின் வாயு வரும், மூடின பாத்ரூம்ல அது ரொம்ப ஆபத்து. கரப்பானுக்கு ராத்திரி படுக்கும்போது சிங்க் காலியா காஞ்சு இருக்கணும், குப்பை டப்பா மூடி இருக்கணும், அதுக்கு குடிக்க தண்ணி கிடைக்காம பண்ணாலே பாதி கூட்டம் போயிடும்.

சுரேஷ்_பெரம்பூர்:

கீதா அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனா மாசத்துக்கு ஒரு தடவை கோயம்பேடு மார்க்கெட் போய் மொத்தமா அள்ளிட்டு வந்தா இன்னும் லாபம் இல்லையா, விலை பாதி தானே? நாங்க அப்படி தான் பண்றோம்.

வீடு கலைஞ்சு கிடக்கறதுக்கு என் பக்கத்துலேர்ந்து ஒண்ணு. பரண் மேல இருக்கற டிவி டப்பா, மிக்ஸி டப்பா, பார்சல்ல வந்த அட்டை டப்பா எல்லாத்தையும் இறக்கி பழைய பேப்பர் கடைல போட்டுடுங்க, வாரண்டி கார்டும் பில்லும் மட்டும் ஒரு ஃபைல்ல வச்சுக்கோங்க. அட்டையோட அந்த மடிப்புல தான் கரப்பான் குடித்தனம் நடத்துது. அப்புறம் தினமும் ராத்திரி சாப்பிட்டதும் எல்லாரும் சேர்ந்து பத்து நிமிஷம், டிவி ஓடலாம் ஆனா உக்காரக்கூடாது, அவங்கவங்க பொருளை அவங்கவங்க எடுத்து வைக்கணும், பையனும் தான். உங்க ஒருத்தர் தலைலயே விழுந்தா எந்த ஐடியாவும் நிக்காது சிஸ்டர், உங்க வீட்டுக்காரர் இதை படிக்கட்டும்.

தண்ணி எப்படி? ஆர்ஓவா கேனா?

மேற்குமாம்பலம்_கீதா:

சுரேஷ் தம்பி, கூட்டுக்குடும்பமோ நாலு வீடு சேர்ந்து பிரிச்சுக்கறதோ இருந்தா கோயம்பேடு ரொம்ப லாபம். வேளச்சேரிலேர்ந்து நாலு பேர் வீட்டுக்கு ஒருத்தி போய் அஞ்சு கிலோ தக்காளி தூக்கிட்டு வந்தா ரெண்டு கிலோ குப்பைக்கு தான் போகும், வண்டி செலவு வேற. விலை குறைச்சலா வாங்கி கொட்டறதும் செலவு தான். அவ ஃப்ளாட்ல மூணு வீடு சேர்ந்தா மாத்தி மாத்தி போய்ட்டு வரலாம், அதை வேணா கேட்டு பாரு மா.

கடலைமிட்டாய் (வேளச்சேரி):

ஐயோ இவ்வளவு எழுதி இருக்கீங்க எல்லாரும், ரொம்ப தேங்க்ஸ். ஒயர்மேன் அண்ணா, ரீடிங் எடுத்து பாத்தேன், 518 யூனிட், நீங்க சொன்னது அப்படியே. ஃப்ரிட்ஜ் பின்னாடி ட்ரேல நிஜமாவே தண்ணி நின்னுட்டு இருந்துச்சு, உடனே கழுவிட்டோம்.

சுரேஷ் அண்ணா, குடிக்க ஆர்ஓ தான், வேஸ்ட் தண்ணி குழாய் நேரா சிங்க்ல போகுது. இவர் படிச்சாச்சு, பரண் வேலை இவரோடதுன்னு ஒத்துக்கிட்டார்.

கீதா அக்கா, மாமியாருக்கு ஊறுகா இல்லாம சாப்பாடு இறங்காது. நான் எடுத்து வச்சா மருமக கணக்கு பாக்கறான்னு மனசு கஷ்டப்படுவாங்க. அவங்க காலம் பூரா இந்த வீட்டை நடத்தினவங்க, நான் போய் உப்பு குறைங்கன்னு எப்படி சொல்றது? பொட்டாசியம் உப்புன்னு ஒண்ணு கடைல விக்கறாங்களே அதை மாத்திடலாமா?

மேற்குமாம்பலம்_கீதா:

அந்த உப்பை டாக்டர் கிட்ட கேக்காம வாங்காத மா. கிட்னி கோளாறு இருக்கறவங்களுக்கும் சில பிபி மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் பொட்டாசியம் ஏறினா ஆபத்து. அடுத்த செக்கப்புக்கு போகும்போது மாத்திரை சீட்டை காட்டி கேளு, ஊறுகா விஷயத்தையும் அவங்க முன்னாடியே டாக்டர் வாயால சொல்ல வை, மருமக சொன்னா தான் வருத்தம், டாக்டர் சொன்னா கேட்டுப்பாங்க.

வீட்ல திடீர்னு பாதியா குறைக்காத, யாருக்கும் பிடிக்காது, அப்புறம் எல்லாரும் மேல தூவிப்பாங்க. வாரத்துக்கு வாரம் ஒரு சிட்டிகை குறை, நாக்கு ஒரு மாசத்துக்குள்ள பழகிடும். சாதம் வடிக்கும்போது உப்பு போடற வழக்கம் இருந்தா அதை நிறுத்து, சாப்பாட்டு மேஜைல உப்பு ஜாடி வேண்டாம். மிளகு, எலுமிச்சம்பழம், இஞ்சி, பூண்டு தூக்கலா இருந்தா உப்பு குறைஞ்சது தெரியாது. ஊறுகாய்க்கு பதிலா தினமும் ஏதாவது ஒரு துவையல், பிரண்டையோ புதினாவோ பீர்க்கங்கா தோலோ, அதுல உப்பு நம்ம கைல இருக்கு. அதை அவங்களையே அரைக்க சொல்லு, அவங்க கை பக்குவம் உன் பையனுக்கும் தெரியட்டும். கீரை ஆயறது, வாரத்துக்கு என்ன சமையல்னு முடிவு பண்றது ரெண்டையும் அவங்க கிட்டயே குடுத்துடு. வீட்டை நடத்தினவங்களை நடத்த விட்டா அவங்களுக்கும் தெம்பு, உனக்கும் ஏழரை மணிக்கு யோசிக்கற வேலை மிச்சம்.

சுரேஷ்_பெரம்பூர்:

ஆர்ஓ குழாயை சிங்க்லேர்ந்து எடுத்து ஒரு பக்கெட்ல விடுங்க சிஸ்டர். சாதாரண மெஷின்ல ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு மூணு லிட்டர் வரைக்கும் வெளிய தள்ளும். வீடு துடைக்க, பாத்ரூம் கழுவ, வண்டி கழுவ அது போதும், செடிக்கு மட்டும் தினமும் ஊத்தாதீங்க உப்பு ஏறிடும். 2019ல குடத்தை தூக்கிட்டு லாரிக்கு பின்னாடி ஓடினவங்க நாம, அந்த தண்ணியை சாக்கடைல விடறதை பாத்தா மனசு கேக்கல.

அதோட தண்ணில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டற டிடிஎஸ் மீட்டர்னு ஒண்ணு சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும், யார் கிட்டயாவது வாங்கியாவது உங்க வீட்டுக்கு வர்ற தண்ணியை பாருங்க. 500க்கு கீழ இருந்தா உப்புக்காக ஆர்ஓ தேவையே இல்ல, கொதிக்க வச்சு குடிச்சா கிருமிக்கு போதும். போர் தண்ணியா இருந்து ஆயிரத்துக்கு மேல காட்டினா ஆர்ஓ இருக்கட்டும்.

பல்லாவரம்_ரீடர்:

நடுவுல வர்றேன், மன்னிக்கணும். எங்களுக்கு தனி ஈபி கார்டு இல்ல, ஓனர் மீட்டர்லேர்ந்து பிரிச்சு வச்ச சப் மீட்டர், ஓனர் யூனிட்டுக்கு 9 ரூபா வாங்கறார். எங்களுக்கு அந்த 500 கணக்கு பொருந்துமா?

அம்பத்தூர்_ஒயர்மேன்:

உங்களுக்கு இலவச 100 யூனிட்டும் இல்ல, யூனிட் ஏற ஏற ரேட் மாறற ஸ்லாபும் இல்ல சார், முதல் யூனிட்லேர்ந்தே 9 ரூபா. ஓனர் கிட்ட மொத்த பில்லை காட்ட சொல்லி தன்மையா பேசி பாருங்க, சில பேர் குறைப்பாங்க. அதுவரைக்கும் எந்த யூனிட்டை மிச்சம் பண்ணாலும் உங்களுக்கு முழுசா 9 ரூபா, அதனால பிஎல்டிசி ஃபேன் 500 யூனிட்டுக்குள்ள ஓட்டறவங்களை விட உங்களுக்கு தான் சீக்கிரம் காசு திரும்பும். 40 யூனிட்னா ரெண்டு மாசத்துக்கு 360 ரூபா, ஃபேன் 3000னு வச்சா கூட ஒன்றரை வருஷத்துக்குள்ள எடுத்துடலாம். ஓனரோட பழைய ஃபேனை தூக்கி போட்டுடாதீங்க, ரெக்கையை கழட்டி பேப்பர்ல சுத்தி பரண்ல வைங்க. காலி பண்ணும்போது அதை மாட்டி குடுத்துட்டு உங்க ஃபேனை கழட்டி எடுத்துட்டு போயிடலாம், ரெசிப்ட்டை மட்டும் பத்திரமா வச்சுக்கோங்க.